கஷ்டமான ஷாட் விழுகிறது, சுலபமான ஷாட் ஏன் தவறுகிறது?

கேள்வி இதுதான்: பூல் ஆடும்போது மேசையின் முழு நீளத்துக்கும் அடிக்கிற ஷாட் விழுந்துவிடுகிறது. பாக்கெட்டுக்கு ஓர் அடி தள்ளி, யாரும் போட்டுவிடக்கூடிய இடத்தில் நிற்கிற பந்து மட்டும் விளிம்பில் தட்டித் தட்டி வெளியே வந்துவிடுகிறது. ஏன் இப்படி? ஆட்டம் முழுக்கக் கவனம் சிதறாமல் இருப்பது எப்படி?

நான் பார்த்தவரையில் முக்கியமான காரணம் ஒன்றுதான். சுலபமான ஷாட்டில் ஆடுபவர் முடிவெடுத்து முடிப்பதற்குள் குனிந்துவிடுகிறார். கை இந்தப் பந்தை அடிக்கிறது, மனசு அடுத்த பந்துக்குப் போய்விட்டது. கஷ்டமான ஷாட்டுக்குக் கொடுக்கிற அந்தச் சில விநாடி மரியாதையை இதற்குக் கொடுப்பதில்லை. கண் சீக்கிரம் விலகுவது, அடிக்கிற கையின் வீச்சான ஸ்ட்ரோக் பாதியில் தளர்வது, தேவையில்லாத ஸ்பின் (பந்தைச் சுழலவிடுவது) எல்லாமே பெரும்பாலும் இந்த அவசரத்தின் பிள்ளைகள்.

முதலில் 'சுலபம்' என்று நாம் சொல்வது எவ்வளவு சுலபம் என்று பார்த்துவிடலாம். பூல் பந்தின் விட்டம் 2.25 அங்குலம். போட்டி மேசையில் மூலை பாக்கெட்டின் வாய் சுமார் 4.5 அங்குலம். அதாவது இரண்டு பந்து அகலம். பந்து பாக்கெட்டிலிருந்து ஓர் அடியில் இருக்கிறது, கோலால் நாம் நேரடியாக அடிக்கிற வெள்ளைப் பந்து அதற்குப் பின்னால் இரண்டடியில் இருக்கிறது, மூன்றும் ஒரே நேர்கோட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட எளிய ஷாட் கேட்க முடியாது. ஆனாலும் வெள்ளைப் பந்து கிளம்பும் திசை ஏறக்குறைய அரை டிகிரி தப்பினாலே அடிபடும் பந்து விளிம்பைத் தொட்டுவிடும். உருண்டையில் உருண்டை மோதும்போது சின்னத் தப்பு பெரிதாகிவிடுவதுதான் காரணம். இந்த ஷாட்டில் வெள்ளைப் பந்தின் கோணப் பிழை அடுத்த பந்துக்குப் போகும்போது கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது. பந்து பாக்கெட்டுக்கு இரண்டடியிலும் வெள்ளைப் பந்து அதற்கு மூன்றடி பின்னாலும் இருந்தால் பெருக்கம் பதினைந்து மடங்கு. அப்போது உங்களுக்குக் கிடைக்கிற சலுகை ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் நாம் 'நேர் ஷாட், சும்மா போட்டுவிடலாம்' என்றுதான் சொல்கிறோம்.

இந்தக் கணக்கைச் சொல்வது பயமுறுத்த இல்லை. கை அரைகுறையாக வேலை செய்தாலும் விழுந்துவிடும் என்று ஒரு ஷாட் கிடையாது என்பது மனசில் பதிய வேண்டும். பாக்கெட்டின் வாயிலேயே தொங்குகிற பந்தை மட்டும் விதிவிலக்காக விட்டுவிடலாம்.

இப்போது ஒரு ஆட்டக்காரரைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். எதிர் மூலைக்கு ஒரு நீண்ட கட் ஷாட், அதாவது பந்தை நேராக அடிக்காமல் ஓரமாகத் தொட்டுத் திருப்புகிற ஷாட். அவர் பந்துக்குப் பின்னால் போய் நிற்கிறார். பாக்கெட்டைப் பார்க்கிறார், பந்தைப் பார்க்கிறார், வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கும் என்று கண்ணாலேயே கோடு போடுகிறார். மெதுவாகக் குனிகிறார். க்யூவை (அடிக்கிற கோலை) நாலைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறார், ஒரு கணம் நிறுத்துகிறார், அடிக்கிறார். பந்து விழுகிறது. அடுத்தது ஓர் அடி ஷாட். இப்போது பாருங்கள்: நடந்து வரும்போதே குனிந்தாயிற்று. வலது கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை. க்யூ ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை ஓடுகிறது. கண் மூன்றாவது பந்தின் மேல் இருக்கிறது, ஏனென்றால் வெள்ளைப் பந்து அதற்கு நேராகப் போய் நிற்க வேண்டும். க்யூவின் நுனியான டிப் வெள்ளைப் பந்தைத் தொடும்போதே தாடை மேலே எழும்பிவிட்டது. பந்து பாக்கெட்டின் ஒரு விளிம்பில் பட்டு, அடுத்த விளிம்பில் பட்டு, வாயிலேயே நின்றுவிடுகிறது. இரண்டு ஷாட்டுக்கும் இடையில் திறமை மாறவில்லை. தயாரிப்பு மாறிவிட்டது. உங்கள் ஆட்டத்தை போனில் அரை மணி நேரம் வீடியோ எடுத்து, விழுந்ததையும் தவறியதையும் விட்டுவிட்டு, குனிந்ததிலிருந்து அடிக்கிற வரை எத்தனை விநாடி என்று மட்டும் பாருங்கள். பலருக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

கண் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1990-களில் கோல்ஃப், கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் பார்வை எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று கருவி வைத்து அளந்தார். செயல் தொடங்கும் முன் இலக்கின் மேல் கடைசியாக நிலைகுத்தி நிற்கிற பார்வைக்கு 'குவயட் ஐ' என்று பெயர் வைத்தார். தேர்ந்தவர்களிடம் அந்தப் பார்வை நீளமாக இருந்தது. 2002-இல் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களை வைத்து வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனையிலும் அதே படம் வந்தது: திறமையானவர்களுக்குக் கடைசிப் பார்வை நீளம், விழுந்த ஷாட்டுகளில் தவறிய ஷாட்டுகளைவிட நீளம், ஷாட் சிக்கலாக ஆக அது இன்னும் நீண்டது. இந்தக் கடைசி விஷயம் நம் கேள்விக்கு நேராக வருகிறது. கஷ்டமான ஷாட்டில் கண் தானாகவே அதிக நேரம் நிற்கிறது. சுலபம் என்று மனசு முத்திரை குத்திவிட்டால் கண்ணும் சீக்கிரம் கிளம்பிவிடும். நாமாகப் பிடித்து நிறுத்தினால்தான் நிற்கும்.

சரி, கண்ணை எங்கே நிறுத்துவது? பெரும்பாலான நல்ல ஆட்டக்காரர்கள் அடிக்கும் கணத்தில் பாக்கெட்டில் போட வேண்டிய பந்தின் மேல், வெள்ளைப் பந்து தொட வேண்டிய அந்தப் புள்ளியில் பார்வையை வைத்திருப்பார்கள். க்யூவை ஓட்டிப் பார்க்கும்போது வெள்ளைப் பந்துக்கும் அதற்கும் மாறி மாறிப் போகலாம். கடைசி இழுப்புக்கு முன் பார்வை ஓரிடத்தில் வந்து உட்கார வேண்டும். பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே அடிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. விழுகிறதா என்று முதலில் தெரிந்துகொள்கிற ஆசை அது. தலையும் கூடவே எழும்பும், தலை எழும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் க்யூ கோட்டைவிட்டு விலகும்.

அடுத்து, பலரும் யோசிக்காத ஒரு காரணம்: சுலபமான ஷாட்டை நாம் மெதுவாக அடிக்கிறோம். மெதுவான அடி தனக்கென்று சில தொல்லைகளைக் கொண்டுவருகிறது. பந்தும் பந்தும் உரசும்போது அடிபட்ட பந்து வெட்டிய கோணத்தில் அப்படியே போகாது. உராய்வு அதை வெள்ளைப் பந்து போகிற திசைக்குக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். ஆட்டக்காரர்கள் இதைத் 'த்ரோ' என்பார்கள். வேகம் குறைந்து, வெள்ளைப் பந்து உருளாமல் வழுக்கிக்கொண்டு போய் இடிக்கும்போது இந்த இழுப்பு அதிகம். அழுக்குப் படிந்த பந்துகளில் இன்னும் அதிகம். அதனால்தான் மெல்லத் தள்ளிய கட் ஷாட் பெரும்பாலும் தடிமனாக (பந்தின் நடுப்பக்கம் அதிகமாக) பட்டதுபோல் விளிம்பில் போய் இடிக்கிறது. நீங்கள் குறிவைத்தது சரியாகத்தான் இருந்திருக்கும். இதற்கு ஒரு எளிய வழி, வெள்ளைப் பந்தின் மையத்துக்குச் சற்று மேலே அடித்து அதை நன்றாக உருளவிடுவது.

மெதுவான அடியின் இன்னொரு தொல்லை கையில் இருக்கிறது. வழக்கம்போல நீளமாகப் பின்னால் இழுத்துவிட்டு, 'ஐயோ, வேகம் அதிகமாகிவிடுமே' என்று முன்னால் வரும்போது தயங்குவது. தயங்குகிற கை கோணலாகப் போகும். மெல்ல அடிக்க வேண்டுமென்றால் க்யூவைக் குறைவாகப் பின்னால் இழுங்கள், பிறகு தயங்காமல் பந்துக்குள் விடுங்கள். வேகத்தை இழுப்பின் நீளம் தீர்மானிக்கட்டும்.

ஸ்பின் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. சுலபமான ஷாட்டுகளில் தவறுவதில் பெரும் பங்கு தேவையில்லாத சைடு ஸ்பின்னால் வருகிறது. பக்கவாட்டில் அடித்தால் வெள்ளைப் பந்து க்யூ காட்டிய திசையிலிருந்து எதிர்ப்பக்கம் சற்று விலகிக் கிளம்பும், போகப் போக வளையும், மோதும்போது அடுத்த பந்தையும் கொஞ்சம் திருப்பிவிடும். மூன்று கணக்கையும் மனசுக்குள் சரிசெய்துகொண்டுதான் அடிக்க வேண்டும். பொசிஷனுக்கு, அதாவது அடுத்த ஷாட்டுக்கு வசதியான இடத்தில் வெள்ளைப் பந்தை நிறுத்த, அவசியம் என்றால் போடுங்கள். மையத்தில் அடித்தாலே அடுத்த பந்துக்கு வழி இருக்கிறது என்றால், இரண்டு அங்குலம் நல்ல பொசிஷனுக்காக இந்த மூன்று தொல்லையை விலைக்கு வாங்காதீர்கள். ஆட்டத்தில் பல ஷாட்டுகளுக்கு மையக்கோட்டில் மேலே, நடுவே, கீழே என்ற மூன்று இடங்களே போதும்.

பதற்றத்தால் தவறுவது வேறு கதை. அது உலகத்தரமானவர்களையும் விட்டதில்லை. ஸ்னூக்கரில் இரண்டு உதாரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 1994 உலகச் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டம், ஜிம்மி வைட்டும் ஸ்டீபன் ஹென்ட்ரியும் 17-17 என்று சமநிலை. கடைசி ஃபிரேமில் (சுற்றில்) முன்னிலையில் இருந்த வைட், தன் புள்ளியில், அதாவது மேசையில் அதற்கென்று குறித்த இடத்தில் நின்ற கறுப்புப் பந்தைத் தவறவிட்டார். ஹென்ட்ரி மேசைக்கு வந்து ஃபிரேமையும் பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். 2000-ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் இறுதியில் கென் டோஹர்ட்டி பதினைந்து சிவப்பு, பதினைந்து கறுப்பு, பிறகு வண்ணங்களில் இளஞ்சிவப்பு வரை போட்டு 140-இல் நின்றார். தொடர்ந்து போட்டு எடுக்கிற உச்சப் புள்ளியான 147-க்கு மிச்சம் ஒரே ஒரு கறுப்பு, அதுவும் தன் புள்ளியில். அது விழவில்லை. இவர்கள் அந்த ஷாட்டை வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை போட்டிருப்பார்கள்!

இங்கே நடப்பது அலட்சியத்துக்கு நேர் எதிரானது. கை பழகிய வேலையை மனசு உள்ளே நுழைந்து மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறது. முழங்கை நேராக இருக்கிறதா, பிடி சரியா, தவறிவிடக் கூடாதே. உளவியலாளர் சியான் பைலாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்துச் சோதித்தபோது, தங்கள் ஸ்ட்ரோக்கின் ஒவ்வோர் அசைவையும் கவனிக்கச் சொன்னால் அவர்களுடைய ஆட்டம் கெட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கு அப்படிக் கவனிப்பது உதவியது. எனவே 'கவனமாக ஆடு' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதில் அர்த்தம் இல்லை. எதன் மேல் கவனம் என்பதுதான் கேள்வி. பழகிய கைக்கு, கவனம் கைக்கு வெளியே இருக்க வேண்டும்: பந்தின் மேல், தொடும் புள்ளியின் மேல்.

ஒரு கஷ்டமான ஷாட் விழுந்த உடனே வருகிற சுலபமான ஷாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவே மிக ஆபத்தானது. 'அப்பாடா' என்று உடம்பு தளர்கிறது, மனசு அந்த ரேக்கை (அந்தச் சுற்று ஆட்டத்தை) ஜெயித்ததாகவே எண்ணிக்கொள்கிறது. எயிட் பாலில் கடைசிக் கறுப்புக்கு முந்தைய பந்து, நைன் பாலில் எட்டாவது பந்து இங்கேதான் அடிக்கடி கைநழுவும். 'அப்பாடா' என்று தோன்றியதும் அதையே எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போய் நின்று, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. நின்றுகொண்டு யோசிக்க வேண்டும், குனிந்தபின் அடிக்க மட்டும் வேண்டும். நிற்கும்போது மூன்று விஷயம் முடிவாக வேண்டும்: பந்து பாக்கெட்டின் எந்தப் பகுதி வழியாக நுழைய வேண்டும், வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும், அதற்கு எவ்வளவு வேகத்தில் எங்கே அடிக்க வேண்டும். 'அந்தப் பக்கமாகப் போகட்டும்' என்று விடக் கூடாது. கைக்குட்டை அளவு ஓர் இடத்தைத் துணியின் மேல் கண்ணால் குறித்துவிடுங்கள். பொசிஷன் முடிவாகிவிட்டால் அதைப் பற்றி மனசு மறுபடி யோசிக்க ஏதும் இருக்காது. பாதி முடிவோடு குனிந்தவருக்குத்தான் கண் அடுத்த பந்துக்கு ஓடும்.

அப்புறம் ஷாட்டின் கோட்டிலிருந்தே உள்ளே நடந்து வந்து குனியுங்கள். பக்கவாட்டிலிருந்து வந்து குனிந்துவிட்டு இடுப்பையும் காலையும் நகர்த்திச் சரிசெய்வது, குறியை நடுவில் மாற்றுவதற்குச் சமம். குனிந்தபின் ஏதாவது உறுத்தினால், வேகம் சரியா, சைடு போடலாமா என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும், எழுந்துவிடுங்கள். எழுந்து மறுபடி தொடங்குவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. குனிந்த நிலையிலேயே முடிவை மாற்றி அடித்த ஷாட் எத்தனை தவறுகிறது என்று ஒரு மாலை கவனித்தாலே புரியும். க்யூவை ஓட்டிப் பார்க்கும் எண்ணிக்கை சுலபமானதற்கும் கஷ்டமானதற்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அடித்தபின் டிப் துணிக்கு மேல் நீட்டியபடியே, தாடை கீழேயே இருக்க, பந்து பாக்கெட்டுக்குள் விழும் சத்தம் கேட்கும் வரை அசையாமல் இருங்கள்.

ஆட்டம் முழுக்கக் கவனத்தைப் பிடித்து வைத்திருக்க முயல வேண்டாம். மூன்று மணி நேரம் யாராலும் முடியாது, முயன்றால் கடைசி ஒரு மணி நேரம் காலியாகிவிடும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் சில விநாடி கவனம் இருந்தால் போதும், நடுவில் விட்டுவிடலாம். அந்தக் கதவைத் திறக்க ஒரு அடையாளம் வேண்டும். க்யூவின் நுனியில் சாக் தேய்ப்பது அதற்கு மிகப் பொருத்தம். சாக் தேய்க்கும்போது யோசனை, அதைக் கீழே வைத்ததும் யோசனை முடிந்தது என்று பழக்கிக்கொள்ளுங்கள். எதிராளி ஆடும்போது நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டுவது வேண்டாம். கண் பக்கத்திலிருக்கிற சின்னத் திரைக்குப் பழகிவிடும், எழுந்ததும் மேசையைப் படிக்க நேரம் பிடிக்கும். மேசையைச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள், தண்ணீர் குடியுங்கள், விரல்களை விரித்து மடக்குங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு வரும்போது முதல் ஷாட் எவ்வளவு சுலபமாக இருந்தாலும் வழக்கத்தைவிட ஒரு விநாடி கூடவே எடுத்துக்கொள்ளுங்கள், கை ஆறியிருக்கும்.

தவறிய பிறகு திட்டிக்கொண்டே உட்கார்வதில் பயனில்லை. தடிமனாகப் பட்டதா, மெல்லிசாக (ஓரத்தில் மட்டும்) பட்டதா என்று ஒரே ஒரு தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மனசிலோ தாளிலோ குறித்து வைத்தால் சில நாளில் ஒரு வடிவம் தெரியும்.

பயிற்சியைப் பொறுத்தவரை, கஷ்டமான ஷாட்டுகளையே போட்டுப் பழகுவதால் இந்த நோய் தீராது. எந்தப் பந்தையும் போடலாம், ஒரு பந்துக்கு ஒரு புள்ளி என்கிற ஸ்ட்ரெயிட் பூல் என்ற பழைய ஆட்டத்தைப் பாருங்கள். வில்லி மொஸ்கோனி 1954-இல் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு பந்தும் தவறாமல் தொடர்ந்து 526 பந்துகள் போட்டார். 2019-இல் ஜான் ஷ்மிட் 626, 2022-இல் ஜெய்சன் ஷா 714. அவற்றில் பெரும்பாலானவை நம் கண்ணுக்குச் சுலபமான ஷாட்டுகளே, வெள்ளைப் பந்தை அப்படிக் கட்டுப்படுத்தி ஆடினார்கள். சுலபமான ஷாட்டை அலுப்பில்லாமல் நூற்றுக்கணக்கில் போடுவது தனித் திறமை.

அதைப் பழக: பந்தை மூலை பாக்கெட்டிலிருந்து ஓர் அடியில் வையுங்கள், வெள்ளைப் பந்து இரண்டடி பின்னால். பத்து முறை தொடர்ந்து போட வேண்டும், வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே நிற்க வேண்டும், ஒன்று தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. முதல் ஏழு விளையாட்டாகப் போகும். ஒன்பதாவதுக்குக் குனியும்போது நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பயிற்சி. போட்டியின் பதற்றம் தனியாக ஆடும்போதே கிடைக்கிற வழி இது. கொஞ்சம் தேறியவர்கள் மூன்று பந்தைப் பரப்பிவிட்டு, முதல் ஷாட்டுக்கு வெள்ளைப் பந்தைக் கையால் விருப்பமான இடத்தில் வைத்து, மூன்றையும் வரிசையாகப் போட முயலலாம். ஒன்று தவறினாலும் கண்ணுக்குத் தெரியாத எதிராளிக்கு ஒரு புள்ளி. அந்த எதிராளி தவறவே மாட்டான், எனவே அலட்சியத்துக்கு உடனே விலை தெரியும். மூன்று எளிதானால் நான்கு, ஐந்து.

எல்லாம் செய்தும் தவறினால், குறித்து வைத்த தாளுக்குத் திரும்புங்கள். ஒருநாள் தடிமன், ஒருநாள் மெல்லிசு என்று இரண்டு பக்கமும் கலந்து தவறுகிறதா, அது அவசரமோ பதற்றமோ தான், மேலே சொன்னது போதும். எப்போதும் ஒரே பக்கம் தவறினால் கவனத்தைக் குறை சொல்லாதீர்கள், அது குறியிலோ நிற்கும் விதத்திலோ இருக்கிற கோளாறு. ஓர் எளிய சோதனை உண்டு: நேர் ஷாட் ஒன்றுக்கு வழக்கம்போலக் குனிந்து, குறி சரியென்று தோன்றியதும் கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கள். அப்படியும் பெரும்பாலும் விழுந்தால் ஸ்ட்ரோக் நன்றாக இருக்கிறது, கண் திறந்திருக்கும்போது கடைசிக் கணத்தில்தான் ஏதோ இழுக்கிறது. கண்ணை மூடினாலும் அதே பக்கம் போனால், ஒருவரை எதிர்ப்பக்கம் பாக்கெட்டுக்குப் பின்னால் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். க்யூ உங்கள் தாடைக்குக் கீழே எந்த இடத்தில் ஓடுகிறது, எந்தக் கண்ணுக்குக் கீழே வருகிறது, தலை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா என்று அவர் சொல்வார். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நேர் ஷாட் நேராகவே தெரிகிற இடத்தைக் கண்டுபிடித்து, சில வாரம் அந்த இடத்திலேயே வைத்து ஆடிப் பாருங்கள்.